ஒரு ரூபாய்ப் பெட்டிக்குள் பல ஆட்டம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் பழைய வீடியோ கேம் பெட்டி வேண்டுமென்றால் காயலாங்கடையிலிருந்து தேடத் தொடங்குங்கள். ‘ஆர்கேட் கேபினெட்’ என்று கேட்டால் யாருக்கும் புரியாது. “பாய், பழைய கேம் பொட்டி எங்கியாச்சும் கெடக்குதா? முஸ்தபா ஆடுவாங்களே, அந்தப் பொட்டி” என்று கேளுங்கள், வழி பிறக்கும். 1993-இல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ ஆட்டத்தை நம் ஊர்க் கடைகளில் அந்தப் பெயர் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதில் வரும் நான்கு பாத்திரங்களில் ஒருவன் முஸ்தபா. அவன் பெயரே ஆட்டத்துக்கும் பெயராகிவிட்டது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலும் சினிமாக் கொட்டகைக்கு எதிரிலும் இருந்த கேம் கடைகள், பிளேஸ்டேஷனும் பிறகு செல்போனும் வந்ததும் மூடிக்கொண்டன. பெட்டிகளில் பெரும்பாலானவை அடுப்புக்குப் போயின. மிஞ்சியவை மாடி அறையிலோ மர டிப்போவின் பின்புறத்திலோ மூட்டை முடிச்சுகளுக்கு அடியில் கிடக்கும்.

இந்த அத்தியாயம் அப்படிக் கிடைக்கும் ஒரு பெட்டியில் பல ஆட்டங்களை ஓடவைப்பது பற்றியது. தொடங்குமுன் ஒன்றை மனதில் வையுங்கள். ஆட்டங்கள் அரிதானவை அல்ல, உள்ளங்கை அளவுக் கணினியில்கூட அவை ஓடும். அந்தக் காலப் பெட்டியும் அதன் டியூப்பும் ஹேண்டிலும் (ஜாய்ஸ்டிக்)தான் இனி கிடைக்க அரிதான பொருட்கள். ஆகவே நீங்கள் பொருத்தும் எதையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் கழற்றிவிட முடிய வேண்டும். வயரை வெட்டாதீர்கள், பலகையில் புது ஓட்டை போடாதீர்கள். ‘முழுசா காலி பண்ணிட்டு எல்.இ.டி. டிவி மாட்டிடலாம்’ என்று யோசனை சொல்லும் நண்பரைக் கொஞ்ச நாள் பட்டறைப் பக்கம் விடாதீர்கள்.

எடுப்பதற்கு முன்

பெட்டியின் பின்கதவைத் திறந்ததும் ஆட்ட போர்டைத் தேடுங்கள். போர்டின் ஒரு விளிம்பில் செம்புப் பட்டைகள் வரிசையாக இருக்கும். அதன்மேல் நீளமான ஒரு கனெக்டர் செருகியிருக்கும். அதில் மேலே 28, கீழே 28 என்று மொத்தம் 56 முனைகள் இருந்தால் அது ஜம்மா. 1985-இல் ஜப்பான் கேம் தயாரிப்பாளர் சங்கம் வகுத்த முறை இது. அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக வயர் போட்டது. ஜம்மா வந்த பிறகு போர்டை உருவி வேறு போர்டைச் செருகினால் ஆட்டம் மாறிவிடும் என்றானது. நம் ஊரில் பிளைவுட்டில் அடித்த உள்ளூர்ப் பெட்டிகள் பலவும் இந்த முறையையே பின்பற்றின.

கனெக்டர் ஜம்மாவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில முனைகள் மின்சாரம்: தரை, 5 வோல்ட், மைனஸ் 5, 12. ஏழாவது இடம் காலி. கனெக்டரைத் தலைகீழாகச் செருகிவிடாமல் தடுக்கும் சாவி அங்கே இருக்கும். 10-இலும் அதற்கு நேர் கீழேயும் ஸ்பீக்கர். 12-இலிருந்து 14 வரை மேலும் கீழுமாகச் சிவப்பு, பச்சை, நீலம், சிங்க், வீடியோ தரை. 16-இல் காயின், 17-இல் ஸ்டார்ட். 18 முதல் 21 வரை ஹேண்டிலின் நான்கு திசைகள், 22 முதல் 24 வரை மூன்று பட்டன்கள். மேல் வரிசை முதல் ஆளுக்கு, கீழ் வரிசை இரண்டாம் ஆளுக்கு. ஹேண்டிலும் பட்டனும் ஒரே விதத்தில் வேலை செய்பவை: அழுத்தினால் அந்த வயர் தரையோடு சேரும், அவ்வளவுதான். ஒரு மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி, எந்த முனை கத்துகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். உள்ளூர்ப் பெட்டிகளில் ஒன்றிரண்டு வயர் இடம் மாறியிருப்பது சகஜம்.

பெட்டியின் அடிப்பாகத்தையும் தட்டிப் பாருங்கள். கடைத் தரையைத் தினமும் கழுவியதில் கீழ் விளிம்பு பிளை ஊறி உப்பியிருக்கும், கறையானும் அங்கிருந்துதான் ஏறும். கெட்ட பகுதியை மட்டும் அறுத்துவிட்டு மரச் சட்டம் கொடுத்தால் போதும். (ஓட்டை போடாதே என்றவன் அறுக்கச் சொல்கிறேனே என்று கேட்காதீர்கள். அழுகல் வேறு கணக்கு.) சட்டத்துக்கு அடியில் ஷூ கம்பெனிகளுக்குச் சோல் ஷீட் விற்கிற கடையில் கிடைக்கும் கெட்டி ரப்பரை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். கடையில் விற்கும் ரப்பர் பாதங்களைவிட அது பலமடங்கு உழைக்கும்.

கறுத்துப்போன செம்பு

ஆம்பூர் வட்டாரம் டேனரிகள் (தோல் பதனிடும் ஆலைகள்) நிறைந்தது, அதற்கே உரிய ஒரு தொந்தரவு உண்டு. தோலிலிருந்து மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கு அது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில் நீதிமன்றம் சொன்னது. உங்கள் பெட்டி ஓடிக்கொண்டிருந்த காலம் அந்தக் காலம். அது நின்ற கடை டேனரிக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் காற்று உள்ளேயும் புகுந்திருக்கும்.

அந்த வாயு வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும். கொலுசைக் கறுக்க வைக்கும் அதே வேலையைப் பட்டனுக்கு அடியில் இருக்கும் மைக்ரோ ஸ்விட்சின் வெள்ளி முனையிலும் செய்யும். வெளியிலிருந்து பார்த்தால் ஸ்விட்ச் நன்றாக ‘டிக்’ என்று சத்தம் போடும், ஆனால் மீட்டர் பீப் அடிக்காது. சாராயம் போன்ற கிளீனர் இந்தக் கறுப்பைக் கரைக்காது, ஏனென்றால் இது அழுக்கு இல்லை, உலோகமே வேறு பொருளாக மாறியது. மைக்ரோ ஸ்விட்ச் மலிவான பொருள். தடவிக்கொண்டிருக்காமல் மொத்தமாகப் புதிது போடுங்கள். பழைய ஹேண்டில்களில் மைக்ரோ ஸ்விட்ச் இல்லாமல் இரண்டு தகடுகள் தொட்டுக்கொள்ளும் வகை இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். தகடுகளுக்கு நடுவில் ஒரு விசிட்டிங் கார்டை வைத்து, மெதுவாக அழுத்திப் பிடித்து இழுத்தால் கறுப்பு கார்டில் ஏறிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி கறுக்கும்.

கனெக்டரின் செம்புப் பட்டைகளுக்குப் பள்ளிக்கூட வெள்ளை ரப்பர் போதும். தேய்த்த துகள்களை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

டியூப்: தொடும்முன் படியுங்கள்

மற்றப் பகுதிகளை மேலோட்டமாகப் படித்தாலும் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பழைய பிக்சர் டியூப்பின் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்குக் கீழே இருக்கும் முனைக்கு, டிவி மெக்கானிக்குகள் ‘இ.எச்.டி.’ என்று சொல்லும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஏறத்தாழ 20,000 வோல்ட் வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் அந்த மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும். மின்சப்ளை பக்கம் இருக்கும் பெரிய கன்டென்சரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். முதலாவது தூக்கிப்போடும், தூக்கிப்போட்டதில் கை போய் டியூப்பின் கழுத்தில் இடித்தால் கழுத்து உடையும். இரண்டாவது உயிரையே எடுக்கும்.

உங்களுக்கு டிவி மெக்கானிக் வேலை தெரியாது என்றால் இந்த ஒரு வேலைக்கு ஒரு பழைய மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். “அண்ணே, டியூப் டிவி பாத்து எவ்ளோ வருஷமாச்சு” என்று அவர் சிரிப்பார், சந்தோஷமாகவே வருவார். அவர் செய்வது இதுதான்: பிளக்கைப் பிடுங்குவார். கைப்பிடி நன்றாகக் காப்பிட்ட தட்டை ஸ்க்ரூ டிரைவரின் உலோகத்தில் ஒரு வயரைக் கட்டி, அதன் மறுமுனையை டியூப்பின் பின்புறம் சுற்றியிருக்கும் காப்பு இல்லாத பின்னல் வயரில் மாட்டுவார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறுகையால் ஸ்க்ரூ டிரைவரை ரப்பர் மூடிக்கு அடியில் நுழைப்பார். ‘பட்’ என்று ஒரு சத்தம். சில நிமிடம் விட்டு மறுபடி செய்வார், ஏனென்றால் டியூப்பில் மிச்ச மின்சாரம் மறுபடி ஊறும்.

டியூப் உயிரோடு இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். படம் மங்கல், ஓரம் வளைகிறது, சூடானால் உருள்கிறது என்ற கோளாறுகளுக்குப் பெரும்பாலும் காய்ந்த கன்டென்சர்களும் டிரை சால்டரும் காரணமாக இருக்கும், டியூப் குற்றமற்றது. கன்டென்சர்களை மாற்றி சால்டரைப் புதுப்பித்தால் படம் திரும்பிவிடும்.

அடுத்து அலைவரிசை. அந்தக் கால கேம் மானிட்டர் நொடிக்கு ஏறத்தாழ 15,700 கோடுகள் வரையும். சாதாரணக் கணினியின் வி.ஜி.ஏ. ஏறத்தாழ 31,500 கோடுகள் அனுப்பும். கணினியை நேராக மாட்டினால் படம் வராது என்பதோடு மானிட்டரின் சேசிஸும் (மின்சுற்றுப் பலகை) கெடலாம். இதற்கென்றே இருக்கிறது அல்டிமார்க் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் ஜே-பேக். ஜம்மா கனெக்டருக்கும் கணினிக்கும் நடுவில் செருகும் அட்டை அது. மானிட்டர் தாங்காத அலைவரிசை வந்தால் தடுத்துவிடும். கணினியில் பழைய ரேடியான் கிராபிக்ஸ் கார்டும் க்ரூவிமேம் மென்பொருளும் போட்டால் ஒவ்வொரு ஆட்டத்தையும் அதன் சொந்தக் கோட்டு எண்ணிக்கையிலேயே காட்டலாம். ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியை வைத்துக்கொள்பவர்களுக்கு, அதன் 40 ஊசிகள் வழியாகவே படத்தை எடுத்து ஜம்மாவுக்குக் கொடுக்கும் பை2ஜம்மா போன்ற அட்டைகள் உண்டு.

உள்ளூர்ப் பெட்டியில் வீட்டு டிவியின் டியூப்பும் சேசிஸுமே இருக்கக்கூடும். அந்த சேசிஸில் தொழிற்சாலையிலேயே வைத்த மஞ்சள் ஏ.வி. குழி இருந்தால் நிம்மதி, அதில் ராஸ்பெரி பையை மாட்டலாம். குழி இல்லாத பழைய செட்டின் சேசிஸே நேரடி மின்சாரத்தோடு இணைந்திருக்க வாய்ப்புண்டு. அதில் எந்தக் கணினியையும் மாட்டாதீர்கள். ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடாமல் அதைத் தொடவே கூடாது.

டியூப் செத்தே போயிருந்தால்? இங்கே தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஓர் அனுகூலம். 2006 முதல் அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் இன்னும் பரண்களில் தூங்குகின்றன. ஏ.வி. குழி உள்ள ஒன்றைக் கேட்டு வாங்கி, உடைக்காமல் முழு டிவியாகவே பெட்டிக்குள் ஒரு தட்டில் உட்காரவைத்து, முன்னால் கறுப்பு அட்டையில் சட்டம் கட்டுங்கள். பெரிய பெட்டியில் 14 அங்குலம் சின்னதாகத் தெரியும். ஆனாலும் முஸ்தபா போன்ற ஆட்டங்களின் படம் எல்.சி.டி.யில் கட்டம் கட்டமாகத் தெரிவதைவிட இதில் பல மடங்கு நன்றாக இருக்கும் என்பது என் தீர்மானமான கருத்து.

இந்த டிவிகளில் ஒரு சிக்கல் வரும். இந்த டிவிகளின் காலத்தில் நம் ஒளிபரப்பு பால் முறை, திரை நொடிக்கு 50 முறை வரையப்படும். ஆர்கேட் ஆட்டங்களோ 60-ஐ ஒட்டி ஓடுபவை. 50-இல் ஓட்டினால் ஆட்டம் மந்தமாகும் அல்லது தடுக்கித் தடுக்கிப் போகும். கணினியின் அமைப்புக் கோப்பில் என்.டி.எஸ்.சி. வெளியீட்டைத் தேர்ந்தெடுங்கள். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பயப்பட வேண்டாம், டிவியின் மெனுவில் கலர் சிஸ்டத்தை ஆட்டோவுக்கு மாற்றுங்கள்.

எல்.சி.டி.தான் வழி என்றால் அகலத் திரை வாங்காதீர்கள். அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய 17, 19 அங்குலச் சதுர மானிட்டர்கள் இந்த வேலைக்குச் சரியாக உட்காரும்.

எர்த்

பழைய கேம் பெட்டிகள் பலவற்றில் இரண்டு முனை பிளக்தான் இருக்கும். காயின் கதவு உலோகம், சிலவற்றில் கை வைக்கும் பலகையும் உலோகம். சிமென்ட் தரையில் செருப்பில்லாமல் நின்று ஆடப்போவது பிள்ளைகள். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மூன்று முனை பிளக்காக மாற்றி, எர்த் வயரைக் காயின் கதவுக்கும் உலோகப் பலகைக்கும் மின்சப்ளைப் பெட்டிக்கும் தனித்தனியாகக் கொண்டுபோய் நட்டுப் போடுங்கள். பெட்டி நிற்கும் அறைக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு துண்டிப்பான்) இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டுப் பிறகு சுவிட்ச்சைத் தட்டுங்கள். ஷூ கம்பெனிகளில் மெஷின் பராமரிக்கும் எலக்ட்ரீஷியன்கள் எர்த் விஷயத்தில் கண்டிப்பானவர்கள், அவர்களில் ஒருவர் கிடைத்தால் நல்லது.

கணினி

ராஸ்பெரி பை 3பி+ அல்லது 4 போதும். 1990-களின் நடுப்பகுதி வரையிலான ஆட்டங்களை இரண்டும் சிரமமில்லாமல் ஓட்டும். 5 வேகமானதுதான், ஆனால் அதில் ஏ.வி. ஜாக் கிடையாது, பழைய டிவியோடு சேர்ப்பது தலைவலி. முப்பரிமாண ஆட்டங்கள் வேண்டுமென்றால் அலுவலகத்தில் கழித்த சின்ன கணினி ஒன்றே மேல்.

பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் மின்சப்ளை 5 வோல்ட் கொடுக்கும். அதிலிருந்தே கணினிக்கு எடுக்கலாம், ஆனால் அளக்க வேண்டிய இடம் சப்ளையின் முனை இல்லை, கணினியின் முனை. மெல்லிய நீள வயரில் வோல்ட் குறையும். சப்ளையில் உள்ள சின்னத் திருகைத் திருப்பி, ஆட்டம் ஓடும்போது கணினி முனையில் 5.1 வருமாறு வையுங்கள். 4.63-க்குக் கீழே போனால் திரை மூலையில் மின்னல் குறி வரும். மைனஸ் 5 வயர் கணினிக்குத் தேவையில்லை. வெட்டாமல் முனைக்கு டேப் சுற்றி விடுங்கள். ஹேண்டில் வயர்களை நேராகக் கணினியின் ஊசிகளில் கொடுப்பவர்கள் கவனிக்க: அந்த ஊசிகள் 3.3 வோல்ட் தாங்குபவை. தவறிக்கூட 5 வோல்ட் வயர் பட்டால் போர்டு போச்சு. யு.எஸ்.பி. என்கோடர் அட்டை வழியாகக் கொடுப்பது பாதுகாப்பு.

ஒலியை மறந்துவிடுவார்கள். பழைய ஆட்ட போர்டிலேயே ஆம்பிளிஃபயர் இருந்தது, அதனால் ஜம்மாவின் ஸ்பீக்கர் முனைக்கு நேராகச் சத்தம் வந்தது. கணினிக்கு அந்தச் சக்தி கிடையாது. பி.ஏ.எம். 8403 என்ற கட்டைவிரல் அளவு அட்டை 5 வோல்ட்டில் ஓடும், இந்தப் பெட்டிக்குப் போதும். அதன் ஸ்பீக்கர் மைனஸ் முனையைத் தரையோடு சேர்த்துவிடாதீர்கள், சேர்த்தால் அந்த ஐ.சி. கெடும். உள்ளூர்ப் பெட்டிகளில் ஸ்பீக்கரின் ஒரு வயரைத் தரையோடு முறுக்கியிருப்பார்கள், முதலில் அதைப் பிரியுங்கள்.

மென்பொருளில் விரிவாகச் சொல்ல அதிகமில்லை. 1997 பிப்ரவரியில் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா வெளியிட்ட, ஆட்ட போர்டைக் கணினியில் போலச்செய்யும் மேம் என்ற மென்பொருள்தான் இந்தத் துறையின் தாய். இன்று உலகம் முழுவதும் பலர் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள். ராஸ்பெரி பையில் ரெட்ரோபை என்ற தொகுப்பைப் போட்டு, காப்காம், எஸ்.என்.கே. ஆட்டங்களுக்கு அதிலுள்ள ஃபைனல்பர்ன் நியோவைப் பயன்படுத்துங்கள். இந்த மென்பொருள்களின் ஒவ்வொரு பதிப்புக்கும் அதற்குப் பொருந்தும் ஆட்டக் கோப்பு வேண்டும். ஒரே ஆட்டம் ஒன்றில் ஓடி மற்றதில் ஓடாததற்கு இதுவே காரணம், கோப்பு கெட்டுவிட்டது என்று அவசரப்பட வேண்டாம்.

மின்வெட்டை நினைத்துப் பாருங்கள். ஆட்ட போர்டு எத்தனை முறை கரண்ட் போனாலும் கவலைப்படாது. மெமரி கார்டு அப்படியில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் கார்டு கெடும். எல்லாம் சரியாக அமைந்த பிறகு கணினியின் அமைப்பு மெனுவில் ஓவர்லே என்ற வசதியை இயக்குங்கள். அதன் பிறகு கார்டில் எதுவும் எழுதப்படாது, சுவிட்ச்சை அப்படியே அணைக்கலாம். அதிகபட்ச மதிப்பெண்ணும் சேமிக்கப்படாது என்பது இதன் விலை. அது வேண்டுமென்றால் தனியாக ஒரு பென் டிரைவில் சேமிக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆட்டங்களை ஆயிரக்கணக்கில் ஏற்றாதீர்கள். பட்டியலை உருட்டிக்கொண்டே இருப்பார்கள், ஆட மாட்டார்கள். முஸ்தபா, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, ஸ்னோ பிரதர்ஸ், மெட்டல் ஸ்லக், கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97 என்று கடைகளில் வரிசையில் நின்று ஆடியவற்றிலிருந்து ஒரு இருபது போதும்.

கை வைக்கும் பலகை

பலகையில் எத்தனை ஓட்டை இருக்கிறதோ அத்தனை பட்டன்தான். முஸ்தபாவுக்கு அடி, தாவல் என்று இரண்டே போதும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சுழன்றடிப்பான், அவன் உயிரும் கொஞ்சம் குறையும். ஸ்னோ பிரதர்ஸுக்கும் இரண்டு. கிங் ஆஃப் ஃபைட்டர்ஸுக்கு நான்கு, ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆறு. மூன்று ஓட்டைப் பலகையில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆசை இருந்தால் பழைய பலகையைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதே அளவில் புதுப் பலகை அடியுங்கள்.

புதுப் பலகை 18 மில்லிமீட்டர் பிளை என்றால் திருகி இறுக்கும் நீளக் கழுத்துப் பட்டன் வாங்க வேண்டும். ஜப்பானிய 30 மில்லிமீட்டர் பட்டன்களில் கிளிப் வகை, மெல்லிய தகட்டுக்கானது, பிளையில் பிடிக்காது.

பலகையின் முன்விளிம்புதான் முதலில் கெடும், மணிக்கட்டு உரசுவது அங்கே. வெளிநாட்டு வழிகாட்டிகள் இதற்கு பிளாஸ்டிக் பட்டை வாங்கச் சொல்லும். தோல் ஊரில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் எதற்கு? ஷூ மேல்பாகத்துக்கு வெட்டியதுபோக மிஞ்சும் துண்டுத் தோல் இங்கே எடைக்குக் கிடைக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில், மேல் பூச்சு உள்ள குரோம் பதனிட்ட மாட்டுத்தோல் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆவாரம் பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோல் பார்க்க அழகுதான், ஆனால் வியர்வையும் இரும்பும் பட்டால் கறுநீலத் திட்டு விழும். ஆணித்தலை பட்ட இடமெல்லாம் மை கொட்டியதுபோல் ஆகிவிடும்.

தெரிந்த ஷூ தொழிலாளியிடம் கொடுத்து விளிம்பை ஸ்கைவிங் செய்துவாங்குங்கள். ஓரம் மெலிந்திருந்தால்தான் மடிப்பு மேடாக எழாது. பிளையை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு பக்கமும் ஷூ ஒட்டும் சொல்யூஷன் தடவி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு அழுத்துங்கள். ஈரமாக ஒட்டினால் ஆம்பூர் வெயிலுக்குக் குமிழி எழும். சொல்யூஷனின் ஆவி தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து, சால்டரிங் அயர்னை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். தோலை மடித்து உள்பக்கம் கொண்டுபோகும்போது ஸ்விட்ச் முனைகளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோலில் தங்கும் அமிலமும் உப்பும் ஈரம் பட்டால் செம்பையும் பித்தளையையும் பச்சை பூக்க வைக்கும்.

பட்டன்களைச் சுற்றியுள்ள மேல்பரப்புக்குத் தோல் வேண்டாம், லேமினேட் ஒட்டுங்கள். ஆவேசமாக அடிக்கும் இடத்தில் தோல் இழுபட்டு ஓட்டை முட்டை வடிவமாகும். ஆசைக்குப் போட்டே ஆக வேண்டும் என்பவர்கள் ஒட்டிக் காய்ந்த பிறகே 30 மில்லிமீட்டர் பஞ்ச் கருவியால் ஓட்டை அடியுங்கள், முன்கூட்டி அடித்தால் பொருந்தாது.

காயின்

பழைய இயந்திர காயின் பொறி இன்றைய நாணயத்தைத் துப்பிவிடும், அது பழுதில்லை. 1980-களின் பிற்பகுதி ஒரு ரூபாய் 26 மில்லிமீட்டர், 6 கிராம். 1992-இல் வந்த எஃகு நாணயம் 25 மில்லிமீட்டர். 2011-இல் வந்தது 22 மில்லிமீட்டர், 4 கிராமுக்கும் குறைவு. பொறியைக் கழற்றாமல் விட்டுவிட்டு, உண்டியலில் பழைய ஒரு ரூபாய்களைத் தேடி ஒரு டப்பாவில் பெட்டிமேல் வைப்பது எனக்குப் பிடித்த வழி. புது நாணயமே போட வேண்டுமென்றால் மாதிரி நாணயத்தை ஒப்பிட்டு ஏற்கும் 12 வோல்ட் எலக்ட்ரானிக் பொறிகள் உண்டு, ஜம்மாவின் 16-ஆம் முனையில் நேராகச் சேரும். வீட்டுக்குள்ளேயே ஆடுவதென்றால் கதவுக்குப் பின்னால் ஒரு பட்டன் போதும். கடைக்காரர்களும் தெரிந்த பையன்களுக்கு அதைத்தானே அழுத்தினார்கள்.

சட்டம் சொல்வது

மேம் சட்டபூர்வமான மென்பொருள். ஆட்டக் கோப்புகள் வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் பிரிவு 52(1)(ஏஏ), ஒரு நிரலின் பிரதியை முறைப்படி வைத்திருப்பவர் அது கெட்டுப்போகாமல் இருக்க நகல் எடுத்துவைக்க இடம் தருகிறது. உங்களிடம் அசல் போர்டு இருந்தால் இந்த இடத்தில் நிற்கலாம். மொத்தமாகப் பதிவிறக்கிய ஆயிரம் ஆட்டங்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஜம்மாவில் செருகியதும் ஓடும் சீனத்துப் பல ஆட்ட போர்டுகள் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் கிடைக்கும். வேலை சுலபம்தான், ஆனால் அவற்றில் இருப்பவை பெரும்பாலும் உரிமம் வாங்காத நகல்கள், போர்டும் எதையும் திருத்த விடாது. உரிமையாளர்களே அனுமதி கொடுத்த ராபி ரோட்டோ, கிரிட்லீ, ஸ்டார் ஃபயர் போன்ற சில ஆட்டங்கள் மேம் தளத்தில் இலவசமாக உள்ளன. பெட்டியைச் சோதிக்க முதலில் அவற்றைப் போடுங்கள். அவையும் காசு வாங்காத பயன்பாட்டுக்கு மட்டும். காசு போட்டு ஆடும் கடை வைக்க நினைத்தால் இந்த அத்தியாயம் உதவாது.

கழற்றியவை

பழைய ஆட்ட போர்டை விற்காதீர்கள். அசல் முஸ்தபா போர்டாக இருந்தால் அதில் ஒரு பேட்டரி இருக்கும், அது தீர்ந்தால் ஆட்டம் படுத்துவிடும். தெரிந்த ஆளிடம் காட்டி மாற்றிவையுங்கள். நகல் போர்டானாலும் நிலைமின்சாரம் தாக்காத பையில் போட்டு, உங்கள் வயர் வரைபடத் தாளோடு பெட்டியின் உள்சுவரில் மாட்டிவிடுங்கள். அடுத்து வருபவர் கணினியை உருவிவிட்டு அதைச் செருக முடிய வேண்டும்.

செத்த டியூப்பைக் காயலாங்கடையில் போட்டால் கழுத்தில் உள்ள செம்புச் சுருளான யோக்கைப் பிடுங்கிக்கொண்டு கண்ணாடியை உடைத்து வெளியே கொட்டிவிடுவார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் முழு டியூப்பாகவே கொடுங்கள். ஆற்றங்கரையில் மட்டும் கொட்ட விடாதீர்கள், பாலாறு இதுவரை வாங்கியதே போதும்.